போ (வினைச்சொல்)

தமிழின் தொன்மையான வினைகளுள் ஒன்று. தெலுங்கிலும் மலையாளத்திலும் 'போ'. கன்னடத்தில் இன்று 'ஹோகு', ஆனால் பழங்கன்னடத்தில் 'போகு'. இம்மொழிகள் பிரியும் முன்பே பிறந்த சொல்.

தொல்காப்பியம் 'போ' என்பதற்குப் பதில் 'செல்' என்பதைக் கொண்டு விதி வகுத்தது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. அதாவது என்னிடம் சேர்வதும் உன்னிடம் சேர்வதும் 'வரவு'. அதற்கு அப்பாலுள்ள இடமே 'செலவு'. பின்னாளில் பேச்சில் 'செல்' அருகி அதன் இடத்தில் 'போ' வந்தது. விதி மட்டும் அசையவில்லை.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை வீதியிலுள்ள குச்சவெளியில் இதை இன்றும் கேட்கலாம். படலையில் நின்று யாராவது கூப்பிட்டால் உள்ளேயிருந்து "வாறன்" என்றே குரல் வரும். அதே இடத்தில் ஸ்பானியர் "வொய்" என்பார். 'போகிறேன்' என்று பொருள். அவர்களின் 'இர்' என்னும் போதல் வினைக்குப் பேசுபவர் நிற்கும் இடமே எல்லை. கேட்பவர் நிற்கும் இடம் அதற்கு வெளியே. தமிழோ கேட்பவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. இந்த வினையின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஒற்றுமையும் உண்டு. "சமைக்கப் போறன்" என எதிர்காலத்தைப் போதலால் சொல்வது ஸ்பானியத்திலும் அப்படியே. 'வாற கிழமை' என்பதற்கும் அங்கே வருதல் வினையே. ஆனால் 'இர்' மூன்று இலத்தீன் வினைகளின் ஒட்டு. அதன் இறந்தகால வடிவமான 'ஃபுய்' 'போனேன்' என்றும் 'இருந்தேன்' என்றும் பொருள்படும். இடம் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

துணைவினையாகும்போது 'போ' நடையை விட்டு இழப்பைக் குறிக்கிறது: உடைஞ்சு போச்சு, கெட்டுப் போச்சு, செத்துப் போனார். இ. அண்ணாமலை தமிழ்த் துணைவினைகளைப் பற்றி 1985இல் வெளியிட்ட நூல், இத்தகைய வினைகள் பேசுபவரின் மனநிலையையும் ஏந்துவதை விரிவாக ஆராய்ந்தது. விடைபெறும்போது வெறும் "போறன்" என்று சொல்லாததற்கு இந்த நிழலே காரணமாக இருக்க வேண்டும். "போயிட்டு வாறன்" என்றே சொல்ல வேண்டும். மறந்து "போறன்" என்ற பிள்ளையைத் தாய் திருத்தச் சொல்வாள். புறப்படுகிறவரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்பதும் தவறு, "தூரமோ?" என்பார்கள்.

குச்சவெளி போன்ற மீனவர் ஊரில் 'கடலுக்குப் போறது' என்றால் தொழில். விடியலில் வலையெடுத்துப் போய்க் கரைக்குத் திரும்புவது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் அடித்தது. கடலுக்குப் போனவர் வேறு, கடலோடு போனவர் வேறு. வினை ஒன்றே, மாறியது வேற்றுமை உருபு மட்டும்.