உப்பும் ஐஸும்

களமருதூர் தெருவில் ராத்திரி மணியடித்துக்கொண்டு குல்ஃபி வண்டி வரும். பானையில் நொறுக்கிய ஐஸைக் கொட்டி, மேலே கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போடுவார் வண்டிக்காரர். "ஐஸுக்கு எதுக்குப்பா உப்பு?" என்பார் என் பெரியம்மா. "அப்பத்தாங்கம்மா குளிர் ஏறும்!"

இதே உப்பு, இதே ஐஸை வைத்து மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறார் ஒருவர். நம்ப முடிகிறதா? 1840-களில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆர்னட். உப்பு கலந்த ஐஸின் குளிர் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே இறங்கும். முற்றிப்போன கட்டிகள் மேல் அதை வைத்தார். கட்டி சுருங்கியது, ரத்தக் கசிவு குறைந்தது, வலி அடங்கியது. நோய் தீரவில்லைதான். ஆனால் மயக்க மருந்தே அப்போதுதான் எட்டிப் பார்த்த காலம். வலி அடங்கியதே பெரிய விஷயம்!

அன்று நம்மூரில் ஐஸ் இருந்ததா? இருந்தது, வசதியானவர்களுக்கு. அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க, 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் ஃபிரெடரிக் டியூடர் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஆர்னட்டின் வைத்தியத்தை உலகம் கிட்டத்தட்ட மறந்தேபோனது. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் டாக்டர் இர்விங் கூப்பர், திரவ நைட்ரஜன் ஓடும் மெல்லிய கருவியோடு வந்தார். மைனஸ் 196 டிகிரி வரை குளிர்! பிறகு ஒரு விசித்திரம். பிராஸ்டேட் புற்றுக்கட்டியை உறைய வைத்தபோது, சில நோயாளிகளுக்கு வேறு இடங்களில் பரவியிருந்த கட்டிகளும் சுருங்கியதாக 1970-ல் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். அங்கே யாரும் கை வைக்கவே இல்லை.

எப்படி? கத்தியால் எடுத்தால் கட்டி உடம்பை விட்டே போய்விடுகிறது. உறைய வைத்தால் செல்கள் உடைந்து சாகின்றன. அவற்றின் புரதங்கள் அதிகம் உருக்குலையாமல் அங்கேயே சிதறிக் கிடக்கின்றன. நோய் எதிர்ப்பு செல்கள் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய், 'திருடன் முகம் இதுதான்' என்று தங்கள் படைக்குக் காட்டுகின்றன. அதனால்தான் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே மார்பகக் கட்டியை உறைய வைத்துப் பார்க்கிறார்கள்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 19 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது. சிலருக்கு உறைய வைத்தல், சிலருக்கு எதிர்ப்புப் படையின் 'பிரேக்'கை விடுவிக்கும் இபிலிமுமாப் மருந்து, சிலருக்கு இரண்டும். இரண்டும் பெற்றவர்களிடம் படை விழித்துக்கொண்ட அடையாளங்கள் தெரிந்தன. அந்த 'பிரேக்' ஆராய்ச்சிக்காக 2018-ல் ஜேம்ஸ் அலிசன் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், 19 பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதற்காக உறைய வைப்பது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதுவும் கட்டி சின்னதாக, ஆரம்ப நிலையில் இருக்கும் பெண்களிடம்தான் பெரும்பாலும் செய்து பார்க்கிறார்கள்.

என் பெரியம்மா தன் மார்பில் இருந்த கட்டியை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "வலிக்கலையே, அதான் சொல்லலை" என்றார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. நாங்கள் மருத்துவமனைக்குப் போனபோது நோய் பரவியிருந்தது.

உங்கள் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே.