இடது தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

பறக்கும்போது எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சின்ன விமானம் எஞ்சின் இல்லாமலும் கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் விமானியின் கை எதைத் தேடிப் போகிறது என்பதுதான் முக்கியம். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் இறந்த விபத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

அவர் கத்துக்குட்டி இல்லை. சுமார் 2,700 மணி நேரம் பறந்தவர். ஆனால் அந்த லாங்-ஈசி விமானம் முந்தின நாள்தான் அவர் கைக்கு வந்தது. பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. வரைபடத்தை வைத்து அவரவரே கட்டிக்கொள்ளும் ரகம். இடம், வலம் என இரண்டு பெட்ரோல் டேங்க். ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு வால்வு. ரூட்டன் அதன் கைப்பிடியை விமானியின் கால்களுக்கு நடுவே வைத்திருந்தார். இதைக் கட்டியவரோ, பெட்ரோல் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்று நினைத்து, கைப்பிடியை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். நல்ல எண்ணம்தான்.

எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் முதுகுப் பக்கம். பார்த்துக்கொள்ள மெக்கானிக் ஒரு சின்ன முகக்கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் போடவா என்றதற்கு, ஒரு மணி நேரம்தான் பறப்பேன், வேண்டாம் என்றுவிட்டார் டென்வர்.

மான்டரே ஓடுபாதையில் மூன்று முறை இறங்கி ஏறிப் பழகினார். பிறகு கடலோரமாகப் போனார். பசிபிக் குரோவ் அருகே எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சில நூறு அடி உயரம்தான்.

இப்போ நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே செஞ்சு பாருங்க. வலது கையால் இடது தோளுக்குப் பின்னால் எட்டணும். உடம்பு திரும்பும்போது வலது கால் தன்னால முன்னே அழுத்தும். விமானத்தில் அந்தக் காலுக்குக் கீழே இருப்பது ரடர் பெடல்.

1999-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணமும் இதுதான்: வால்வைத் திருப்பும் முயற்சியில் கவனம் சிதறியது, தெரியாமல் வலது ரடர் அழுந்தியது, கட்டுப்பாடு போனது. பெட்ரோல் நிரப்பாததையும், போதாத பழக்கத்தையும், குறியீடு இல்லாத அந்தக் கைப்பிடி எட்டாத இடத்தில் இருந்ததையும் அதே அறிக்கை சேர்த்தே சொல்கிறது.

‘விமானியின் தவறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தத் தவறுக்கு, அவர் ஏறி உட்காருவதற்கு ரொம்ப முன்னாடியே, பட்டறையில் ஒருவர் இடம் ஒதுக்கிவிட்டார். நெருப்புக்குப் பயந்து யோசித்தவர், அவசரத்தில் நீளும் கையைப் பற்றி யோசிக்கவில்லை.