போலச்செய்தலும் இரும்பும்: நொதிய மாதிரிகளின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

‘போலச்செய்தல்’ என்னும் கோட்பாட்டை இலக்கியத்துக்கே உரியதெனக் கொள்ளல் நம்மிடையே வழக்காகும். இயற்கையின் நொதியங்களைப் போலச்செய்ய முயன்ற இரசாயனவியலாளரின் வரலாறும் இக்கோட்பாட்டைத் தெளிவுபடுத்த வல்லது.

ஈமோகுளோபினில் ஒட்சிசனைக் காவுவதும், சைற்றோகுரோம் பி-450 என்னும் நொதியத்தில் ஒட்சிசனைக் கொண்டு பிற சேர்வைகளை ஒட்சியேற்றுவதும் ஒரேவகை ஈம் இரும்பேயாகும். உலோகத்தோடு பிணையும் கூட்டங்கள் இணையிகள் எனப்படும். முன்னதில் இசுற்றிடினின் நைதரசனும் பின்னதில் சிசுத்தீனின் கந்தகமும் இரும்புக்கு இணையிகளாய் அமைகின்றன. சூழவுள்ள புரதமும் வேறுபடுகின்றது. எனவே இரும்பின் தாக்குதிறன் அதனுள் உறையும் மாறாச் சாரமன்று. அது கொள்ளும் உறவுகளின் விளைவாகும்.

புரதத்தினின்று பிரிக்கப்பட்ட எளிய இரும்புப் போபிரின் ஒட்சிசனைக் காவாது. இரு மூலக்கூறுகள் ஓர் ஒட்சிசனைப் பற்றி, மீளமுடியாதவாறு ஒட்சியேறிவிடும். 1973இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கொல்மன் குழுவினர், போபிரினின் ஒரு முகத்தில் நான்கு பருத்த கூட்டங்களைக் கதியால்கள் போல நிறுத்தினர். ‘வேலிப் போபிரின்’ எனப் பெயர்பெற்ற இம்மூலக்கூறு, அறை வெப்பநிலையில் ஒட்சிசனை ஏற்றும் விடுத்தும் நின்றது.

1979இல் ஜோன் குறோவ்ஸ் குழுவினர் பி-450இன் பணியை எளிய இரும்புப் போபிரினாற் செய்துகாட்டியபோது அடிப்படை முரண்பாடொன்று மேலெழுந்தது. இரும்புக்கு ஆற்றல் வழங்கிய இணையியே அவ்வாற்றலால் அழிந்தது. 1984இல் ரெட்டி ரெயிலர் குழுவினர் போபிரினின் பீனைல் வளையங்களிற் குளோரீன் அணுக்களைப் புகுத்தினர். அவை இணையியைக் காத்ததோடு, இலத்திரன்களைத் தம்பால் ஈர்த்து இரும்பின் வேகத்தையும் கூட்டின.

கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரெறன்ஸ் கொலின்ஸ் குழுவினர் போபிரினையே கைவிட்டனர். நான்கு ஏமைட்டு நைதரசன்களைக் கொண்ட வளையமொன்றை அமைத்து, அது உடையும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து மாற்றினர். உருவில் ஈமை ஒவ்வாத இச்சேர்வை, பேரொட்சிடேசு நொதியங்களைப் போன்று ஐதரசன் பேரொட்சைட்டைத் தூண்டிற்று. 1999இல் அமெரிக்க அரசின் பசுமை இரசாயன விருது கொலின்சுக்குக் கிட்டியது. 2007இல், அவ்வகை இணையியொன்றில் ஐந்தாம் ஒட்சியேற்ற நிலையிலுள்ள இரும்பு-ஒட்சோ சேர்வையும் இனங்காணப்பட்டது.

இவ்வளர்ச்சியைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டும் நோக்குவது போதாது. ஒவ்வொரு மாதிரியின் அழிவும் அடுத்ததன் தேவையைத் தோற்றுவித்தது. புறத்தோற்றத்தைப் படியெடுக்கும் இயற்பண்புவாதத்துக்கும், உள்ளியக்கத்தைக் கைப்பற்றும் யதார்த்தவாதத்துக்கும் இடையே நாம் காணும் வேறுபாட்டை இங்கும் காண்கின்றோம். அணுக்களின் உறவுகளிலிருந்து சமூக விதிகளை நேரே வருவித்தல் பொறிமுறைவாதமாகும். அது எமது நோக்கமன்று. ஆயினும் சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்க வல்ல இத்தகைய ஊக்கிகள் ஆலைகளைச் சென்றடைவதை, இணையியின் அமைப்பு மட்டுமன்றி, அவ்வாலைகளின் உடைமை உறவுகளும் தீர்மானிக்கும் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.