விலைப் பட்டியல் கூறும் வரலாறு

வரலாற்றுக்குச் சான்று எது என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் எழுதிய பயணக் குறிப்பு என்று மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவார்கள். அவ்வரிசையில் சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு சான்றும் உண்டு. தரகர் ஒருவர் வாரம் இருமுறை அச்சிட்டு விற்ற சிறு தாள் அது. எந்தக் கம்பெனியின் பங்கு எந்த நாளில் என்ன விலை பெற்றது என்பதை அத்தாள் கூறும். பழைய பங்கு விலைகளைப் படிப்பது எங்ஙனம், அவற்றிலிருந்து எவற்றை அறியலாம், எவற்றை அறிய இயலாது என்பவை பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். வணிகத்திற்கென வந்து நம் நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் பங்கு வாங்குவோரும் விற்போரும் கூடிய இடங்கள் காப்பிக் கடைகளே. அவற்றுள் ஜோனதன் காப்பிக் கடை பெயர் பெற்றது. ஜான் காஸ்டேங் என்னும் தரகர் அங்கிருந்துகொண்டு, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விலைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்தோரும் அதனை விடாமல் நடத்தினர். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதிலும் கம்பெனியின் பங்கு எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை இன்று நாம் வரைபடமாகத் தீட்டிக் காண முடிகிறது.

முதலில் அந்த எண்ணின் பொருளை அறிதல் வேண்டும். பட்டியலில் 165 என்றிருந்தால், 100 பவுண்டு முகமதிப்புள்ள பங்கு அன்று 165 பவுண்டுக்கு விற்றது என்பது பொருள். அக்காலத்தில் கம்பெனியின் பங்கு முதல் 32 இலட்சம் பவுண்டு. எனவே விலை 10 பவுண்டு இறங்கினால், பங்குதாரர் அனைவருடைய உடைமையின் மதிப்பும் சேர்ந்து 3,20,000 பவுண்டு குறைந்ததாகும். பட்டியலில் ஓர் எண் சற்றே மாறுகிறது. அதன் பின்னே பல குடும்பங்களின் செல்வம் ஏறுகிறது அல்லது கரைகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பெனி அரையாண்டுக்கு ஒருமுறை இலாப ஈவு வழங்கியது. ஈவு வழங்கும் நாளுக்கு முன்னர்ப் பங்கு வாங்குபவன் அந்த ஈவையும் சேர்த்தே வாங்குகிறான்; பின்னர் வாங்குபவனுக்கு அது கிட்டாது. ஆதலின் அந்நாளையொட்டி விலை சிறிது தாழ்வது இயல்பு. இதனை அறியாதவன், எவருக்கும் இழப்பு நேராத இடத்தில் இழப்பு நேர்ந்ததாக எழுதிவிடுவான்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1765-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இராபர்ட் கிளைவ் சென்னையில் வந்து இறங்கினார். வங்காள நவாபு மீர் ஜாபர் இறந்துவிட்டார் என்ற செய்தி அவருக்கு இங்கே கிடைத்தது. வங்காளத்தின் வருவாய் கம்பெனியின் கைக்கு வரப்போகிறது என்பதை அவர் உணர்ந்துகொண்டார். உடனே, தம் பணத்தையெல்லாம் கம்பெனியின் பங்கில் இடுமாறு இலண்டனிலிருந்த தம் முகவர்க்கு எழுதினார். அவர் எண்ணியவாறே அவ்வாண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையைக் கம்பெனிக்கு அளித்தார். அச்செய்தி இலண்டனில் பரவியது 1766 ஏப்ரலில். இடையே கழிந்தவை எட்டு மாதங்கள். இந்தியாவில் நடந்ததை முன்னரே அறிந்தவர்க்கு அம்மாதங்கள் எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். விலைப் பட்டியலில் உள்ள நாள், நிகழ்ச்சி நடந்த நாளன்று. செய்தி எட்டிய நாள். பழைய விலைகளைப் பயில்வோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

செய்தி எட்டியபோது 165 அளவில் இருந்த விலை, மூன்றே ஆண்டுகளில் 270-ஐத் தாண்டியது. வாங்கியோர் அறிவிழந்து வாங்கினரா? அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் கம்பெனி 100 பவுண்டு பங்குக்கு ஆண்டுதோறும் 6 பவுண்டு ஈவு தந்தது. 165 பவுண்டு கொடுத்தவனுக்கு இது நூற்றுக்கு ஏறத்தாழ 3.6 ஆகும். பின்னர் ஈவு 10 பவுண்டாக உயர்ந்தது. 270 பவுண்டு கொடுத்தவனுக்கு அது நூற்றுக்கு 3.7. ஆகவே வாங்கியோர் பெற்ற வருமான விகிதம் பெரிதும் மாறவில்லை. அவர்கள் கேட்க மறந்த கேள்வி வேறு: இந்தப் பத்துப் பவுண்டு எங்கிருந்து வருகிறது? ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்குமா? பிரிட்டிஷ் அரசாங்கமும் இச்செல்வத்தில் பங்கு கேட்டு, 1767 முதல் ஆண்டுக்கு 4,00,000 பவுண்டு பெற ஏற்பாடு செய்துகொண்டது. வங்காளத்து வரிப்பணம் வற்றாத ஊற்று என்றே அனைவரும் நம்பினர்.

அந்நம்பிக்கையை முதலில் அசைத்தது நம் தமிழகம்! அப்போது மைசூர் ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. ஐதரின் குதிரைப் படைகள் கருநாடகப் பகுதியைச் சூறையாடின. 1769 மார்ச்சில் அவர் தம் படையோடு பரங்கிமலை வரை வந்துவிட்டார். கோட்டையில் இருந்தோர் வேறு வழியின்றி ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை செய்துகொண்டனர். இந்தப் போரின் முந்தைய கட்டச் செய்திகள், பிரெஞ்சுக்காரர் படை திரட்டுகின்றனர் என்ற வதந்தியோடு சேர்ந்து, மே மாத இறுதியிலேதான் இலண்டனை அடைந்தன. காப்பிக் கடையில் கலக்கம் மூண்டது. சில வாரங்களுக்குள் விலை 30 பவுண்டுக்கு மேல் இறங்கியது. ஏறத்தாழ 10 இலட்சம் பவுண்டு மதிப்பு மறைந்தது. இலண்டனில் இருந்தோர் அஞ்சி அஞ்சி விற்ற அந்நாட்களில், சென்னையில் சமாதானம் ஏற்பட்டு ஒரு மாதத்திற்கு மேல் ஆகியிருந்தது. அணைந்துவிட்ட தீயின் புகையைக் கண்டு ஓடியவர்களாயினர் அவர்கள்.

அவ்வீழ்ச்சியில் நொடித்தோருள் ஒருவர் வில்லியம் பர்க். பேச்சாளர் எட்மண்டு பர்க்கின் உறவினர். கடன் வாங்கிப் பங்கு பேரம் செய்து பொருளிழந்த அவர், 1777-இல் இந்தியாவிற்கு வந்து, தஞ்சை மராட்டிய மன்னரின் இலண்டன் முகவராகும் வாய்ப்பைப் பெற்றார். இலண்டன் பங்குச் சந்தைக்கும் காவிரிக் கரைக்கும் இருந்த தொடர்புக்கு இவர் வாழ்க்கை ஒரு சான்று.

விலையேற்றத்திற்கு வேறு காரணங்களும் இருந்தன. 500 பவுண்டுப் பங்கு உடையவர்க்குக் கம்பெனியின் பேரவையில் ஒரு வாக்கு உண்டு. இயக்குநர் தேர்தல் நெருங்கும்போது, எதிரெதிர்க் கட்சியினர் பங்குகளை வாங்கித் தம் நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்து வாக்குகளைப் பெருக்கினர். இதனைத் தடுக்க, பங்கை ஆறு மாதம் வைத்திருந்தவரே வாக்களிக்கலாம் என்று 1767-இல் சட்டம் செய்ய நேர்ந்தது. எனவே விலை உயர்ந்தவுடன், வணிகம் செழித்தது என்று முடிவு கட்டிவிடலாகாது.

இப்போது நான் கூற வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். 1769-லும் 1770-லும் வங்காளத்தை ஒரு கொடும் பஞ்சம் பற்றியது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்பது வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் அனுப்பிய அறிக்கையின் மதிப்பீடு. அதே அறிக்கை, 1771-இல் தண்டிய நிலவரி, பஞ்சத்திற்கு முந்திய 1768-ஆம் ஆண்டின் வரியைவிட மிகுதி என்றும் தெரிவிக்கிறது. செத்தவர் செலுத்த வேண்டியதையும் இருந்தவரிடம் தண்டினார்கள். அதே 1771-இல் பங்குதாரர்க்கு 12½ பவுண்டு ஈவு வழங்கப்பட்டது. 1772 கோடையிலும் பங்கு விலை 200-க்கு மேலேயே நின்றது. பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள்: ஐதரின் குதிரைகள் அதிலே தடம் பதித்திருக்கின்றன, வங்காளத்தில் மாண்ட இலட்சக்கணக்கான உழவரின் சுவடு அதில் இல்லை. குதிரைப் படையால் ஈவுக்கு ஊறு நேரும் என்று சந்தை அஞ்சியது. வரி வந்துகொண்டிருந்தவரை மக்கள் சாவு அதற்குச் செய்தியாகவில்லை.

ஊற்று எத்தனை நாள் சுரக்கும்? 1772 ஜூனில் இலண்டனில் வங்கிகள் சில முறிந்தன. இலையுதிர் காலத்தில் கம்பெனியிடம் பணமில்லை என்பது வெளிப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் விலை வெகுவாக வீழ்ந்தது. 1773-இல் அரசாங்கம் 14 இலட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் கம்பெனியைக் காத்தது. ஒழுங்குமுறைச் சட்டத்தால் அதனைத் தன் கண்காணிப்பில் கொணர்ந்தது. ஈவை 6 பவுண்டாகக் குறைத்தது. ஐதரோடும் திப்புவோடும் நடந்த இரண்டாம் போர் முடிந்த 1784-இல் விலை 120 அளவிற்குத் தாழ்ந்திருந்தது.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் வணிகத்தை நிறுத்தியது. ஆனால் பங்குதாரரைக் கைவிடவில்லை. 60 இலட்சம் பவுண்டாக வளர்ந்திருந்த முதலுக்கு ஆண்டுதோறும் 10½ விழுக்காடு, அதாவது 6,30,000 பவுண்டு, இந்தியாவின் வருவாயிலிருந்து வழங்கப்படும் என்று அது உறுதியளித்தது. 1874-இல் 100 பவுண்டுப் பங்குக்கு 200 பவுண்டு கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது. வாணிகமே செய்யாத ஒரு கம்பெனிக்கு நாற்பதாண்டுக் காலம் ஈவு கொடுத்தவர், நிலவரி கட்டிய நம் நாட்டு உழவர்.

மாணவ நண்பர்களே, இன்று எந்தக் கம்பெனியின் பழைய விலையையும் கணினித் திரையில் நொடியில் காணலாம். அவ்வரைபடத்தைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இந்த எண் எதன் விலை? அந்நாளில் வாங்கியோர்க்கு எந்தச் செய்தி எட்டியிருந்தது? அவர்கள் எதிர்பார்த்த ஈவு எங்கிருந்து வருவது? அதனை ஈட்டிக் கொடுத்தவர் யார்? முதல் மூன்று கேள்விகளுக்கு விலைப் பட்டியலும் கம்பெனியின் கணக்கும் விடை தரும். நான்காவது கேள்விக்கு விடை வேண்டுமானால், பட்டியலை மூடி வைத்துவிட்டுப் பஞ்ச அறிக்கைகளையும் நிலவரிக் கணக்குகளையும் திறக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கின்றவனுக்கே வரலாறு முழுமையாக விளங்கும்.