சுக்ரி, எம். ஏ. எம். (1940–2020)

இலங்கையின் இஸ்லாமியக் கல்வியாளர், மாத்தறையில் பிறந்தவர். பேராதனையில் அரபு பயின்று, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 10ஆம் நூற்றாண்டுச் சூஃபி அறிஞர் அபூதாலிப் அல்-மக்கீயின் 'கூத் அல்-குலூப்' அவரது ஆய்வுப்பொருள். இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' என்னும் பெருநூலுக்கு நிறைய எடுத்தாண்ட நூல் அது. சீர்திருத்தம் பேசிய சுக்ரி ஆன்மிக மரபையே ஆழ்ந்து கற்றது கவனத்துக்குரியது. கொடையாளர் நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா என்னும் உயர்கல்வி நிறுவனத்தை நீண்டகாலம் பணிப்பாளராக வழிநடத்தினார். அங்கே குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) ஆகியவற்றோடு நவீனக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் நடந்தது. மார்க்கம் கற்றவர்கள் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று வெளியேறினர். இந்த இணைப்பே அவரது தலையாய பணி. 'இஸ்லாமிய சிந்தனை' இதழிலும் நூல்களிலும் அவர் கையாண்ட தமிழ்நடை அரபுக் கலைச்சொற்களைப் பொது வாசகருக்கும் புரியவைத்தது. இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பொன்றை 1986இல் பதிப்பித்தார்.