தற்காலிக வீடு



எமது வானொலியின் நேயர் நேரத்தில் ஒரு மாலை, வயதான அம்மா ஒருவர் தொலைபேசியில் வந்து கேட்ட கேள்வி இது: "தம்பி, நாயொண்டைச் சில மாசம் வைச்சுப் பாக்கிறதுக்கு இவங்கள் ஏன் வீட்டுக்கு வந்து வேலியை அளக்கிறாங்கள்? எங்களை நாட்டுக்குள்ள விடேக்கையே இவ்வளவு கேள்வி கேக்கேல்லையே!" கலையகத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருடைய பேத்தி விண்ணப்பம் போட்டிருக்கிறாவாம். எங்கள் வீட்டிலும் மகள் அதே மாதிரி ஒரு விண்ணப்பம் போட்டிருந்ததால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணக்காளன் என்பதால் எந்தப் படிவத்தைக் கண்டாலும் அது எப்படி உருவானது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அப்படித் தேடியதைத்தான் இந்த மாத உரையில் சொன்னேன். வானொலியில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் ஹொலோவேயைத் தாண்டித்தான் போவார்கள். 1860 இல் அந்த ஹொலோவேயில்தான் மேரி ரீல்பி என்ற பெண்மணி தெருநாய்களுக்கென ஒரு இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய தோழி ஒருவர் பட்டினியால் சாகக் கிடந்த நாயொன்றைத் தூக்கிவந்து குசினியில் வைத்துப் பராமரித்ததே அதன் ஆரம்பம். பின்னர் ஒரு குதிரை லாயத்தை எடுத்தார்கள். அந்த இல்லத்துக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்.' தற்காலிகம் என்ற சொல் முதல் நாளிலேயே பெயர்ப்பலகையில் இருந்திருக்கிறது.

மனிதருக்கே சோறில்லாத நகரத்தில் நாய்க்கு வீடா என்று ரைம்ஸ் பத்திரிகை நையாண்டி செய்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையோ 1862 இல் இந்த இல்லத்தைப் பற்றி அனுதாபத்துடன் ஒரு கட்டுரை வெளியிட்டது. மேரி ரீல்பி 1865 இல் காலமானார். இல்லம் 1871 இல் பற்றர்சிக்கு இடம் மாறியது. இன்று உலகம் அறிந்த பற்றர்சி நாய் பூனை இல்லம் அதுதான். இதற்கிடையில், 1867 இல் வந்த சட்டம் தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்குக் கொடுத்தது. விசர்நாய்க்கடிப் பயம் அப்போது பெரிதாக இருந்தது. 1922 இல்தான் அந்த நோய் இந்த நாட்டு நாய்களிடமிருந்து முற்றாக ஒழிந்தது.

அக்காலத்தில் நாயை எடுக்க வருபவரின் வேலியை அளக்க யாரும் போகவில்லை. காசைக் கட்டினால் நாயைக் கொண்டுபோகலாம். நாய் வைத்திருப்பதற்கு அரசாங்கம் கேட்டதும் அனுமதிச்சீட்டு ஒன்றைத்தான். அந்தச் சீட்டின் கட்டணம் கடைசியில் 37 பென்ஸாக இருந்தது. அறவிடுகிற செலவு வருமானத்தை விடக் கூடிவிட்டதால் 1987 இல் அதை ஒழித்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

சற்று நின்று சொல்ல வேண்டிய இடம் 1939. யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வளர்ப்புப் பிராணிகளை என்ன செய்வது என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். இயன்றால் நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், அயலாரிடமும் ஒப்படைக்க முடியாவிட்டால் வலியில்லாமல் கொன்றுவிடுவதே கருணை என்று அதன் துண்டுப்பிரசுரம் சொன்னது. பொதுப் பதுங்குகுழிகளில் பிராணிகளுக்கு இடமில்லை. யுத்தம் பிரகடனமான முதல் கிழமையில் இலண்டனில் மட்டும் சுமார் 4 இலட்சம் நாய்களையும் பூனைகளையும் சொந்தக்காரர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். மிருக வைத்தியர்களின் வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. இத்தனைக்கும் அந்தக் கிழமையில் இலண்டனில் ஒரு குண்டு கூட விழவில்லை. கொல்லும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடவும் இல்லை. ஹில்டா கீன் என்ற வரலாற்றாசிரியர் 2017 இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

அதே நாட்களில் மறுபக்கமும் இருந்தது. ஹமில்ரன் சீமாட்டி நீனா, ஃபேர்ண் என்ற தமது நாட்டுப்புற மாளிகைக் காணியைத் திறந்துவிட்டு நூற்றுக்கணக்கான பிராணிகளை ஏற்றுக்கொண்டார். பற்றர்சி இல்லம் யுத்தம் முடியும்வரை கதவைப் பூட்டவில்லை. யாரோ ஒருவர் கொஞ்ச நாளைக்கு வைத்திருந்தால் இந்த நாய் தப்பும் என்ற எண்ணம் பலருக்கு வந்த காலம் அது. ஆனால் அந்த 'யாரோ ஒருவரை' முன்கூட்டியே தேடி, தெரிவுசெய்து, ஆயத்தப்படுத்தி வைக்கிற ஒழுங்கு அன்றைக்கு இருக்கவில்லை. அது இருந்திருந்தால் வரிசைகள் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த ஒழுங்கின் மூத்த வடிவத்தைப் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்களிடம் காண்கிறேன். இந்த நாட்டின் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931 இல் வலசி என்ற ஊரில் பயிற்சி பெற்று வெளிவந்தன. 1956 இல் அச்சங்கம், குட்டிகளை முதல் ஓராண்டு சாதாரண குடும்பங்களில் வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பஸ் சத்தம், படிக்கட்டு, சின்னப்பிள்ளைகள், சந்தைக் கூட்டம் எல்லாம் குட்டிக்குப் பழக வேண்டும். ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே வளர்க்கக் கூடிய குடும்பங்கள் இதற்குத் தேவைப்பட்டன. நாய் பிடித்தவர்கள் எல்லோரும் இதற்குப் பொருத்தமானவர்கள் அல்லர். கொடுக்க மனம் வராதவரிடம் குட்டியைக் கொடுத்து என்ன பயன்?

1985 இல் தொடங்கிய சினமன் அறநிலையம், முதியவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவர்களின் நாய்களைத் தற்காலிகமாக வேறு வீடுகளில் வைத்துப் பராமரித்தது. 2004 இல் டோக்ஸ் ட்ரஸ்ட் தொடங்கிய திட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. வீட்டு வன்முறையிலிருந்து தப்பியோடும் பெண்கள், நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அந்த வீட்டிலேயே அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் காப்பகங்களில் பெரும்பாலும் நாய்க்கு இடமில்லை. ஆகவே அவர்கள் திரும்ப ஒரு வீடு எடுக்கும்வரை நாயைப் பல மாதங்கள் இன்னொரு குடும்பம் வைத்திருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்பது சொந்தக்காரருக்கே சொல்லப்படாது. வைத்தியச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் நிறுவனம் ஏற்கும்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வேலியை ஏன் அளக்கிறார்கள்? புது வீட்டுக்கு வந்த நாய் முதல் நாட்களில் ஓடத்தான் பார்க்கும். ஆறடி வேலியிலும் அடியில் ஓர் ஓட்டை இருந்தால் போதும். வாடகை வீடானால் சொந்தக்காரரின் கடிதம் கேட்பார்கள், ஏனென்றால் அதில்லாமல் வந்த நாய் இரண்டாம் தரமும் வீடிழக்கும். நாய் ஒருநாளில் எத்தனை மணித்தியாலம் தனியே இருக்கும் என்று கேட்பார்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேலே சொன்னால் முகம் மாறும். இரண்டு வேலை செய்யும் எங்கள் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் தவறும். அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம். சின்னப்பிள்ளைகளின் வயதைக் கேட்பது, எந்த நாய் பொருந்தும் என்று தீர்மானிக்க. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது இந்த வீட்டுப் பரிசோதனையை வீடியோ அழைப்பிலும் செய்தார்கள். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடந்து காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த தொண்டர் அறுபது வயது தாண்டிய பெண்மணி. தேத்தண்ணி குடித்தபடி குசினியை ஒருதரம் நோட்டம் விட்டார். சோறும் கறியும் மிஞ்சினால் நாய்க்கு வைக்கிற ஊர்ப்பழக்கம் எங்களுக்கு இருக்கும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வெங்காயம், உள்ளி, சொக்லேற், பாயசத்தில் போடுகிற பிளம்ஸ் எல்லாம் நாய்க்கு நஞ்சு, சமைத்த எலும்பு குடலைக் கிழிக்கும் என்று விளங்கப்படுத்தினார். மனைவி ஒன்றும் பேசவில்லை. எங்கள் கறியில் எது வெங்காயம் இல்லாமல் இருக்கிறது? நாய் வந்த முதல் கிழமையில் உறவினரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், ஒரு மூலையில் படுக்கை போட்டுவிட்டு அது தானாக வரும்வரை விடுங்கள் என்றும் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா? அதற்கு என்ன நடந்தது?

வளர்த்திருக்கிறோம். ஜிம்மி என்று பெயர். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது எங்கள் ஐயா பானையில் இருந்த சோறு முழுவதையும் பின் விறாந்தையில் கொட்டினார். அது வெளியே போய் எதையாவது தேடித் தின்னட்டும் என்று படலையைத் திறந்து விட்டார். அது சோற்றைத் தின்னவில்லை. மழைக்குள் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. சனம் நெருக்கி நின்ற ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தபோது காணவில்லை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எங்களுக்கு விடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அம்மா திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நாயும் இல்லை. 1939 இல் வரிசையில் நின்ற இலண்டன் சனங்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

படிவத்தில் பதில் எழுத விட்டிருந்த இடம் இரண்டு வரி. மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் இதை முன்பு சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணி பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஒரேயொரு நிபந்தனை: பின்பக்க வேலியில் மூன்றாவது பலகைக்குக் கீழே உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். சனிக்கிழமை மச்சானும் நானும் சேர்ந்து அடைத்தோம்.