பிணக்கோலத்தில் ஒரு புறப்பாடு

கோல்கொண்டா சுல்தானகம் 1687இல் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. அதுவரை அதன் ஆளுகையில் இருந்த காஞ்சிபுரம் சீமைக்கு இனி யார் எஜமானர் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு பக்கம் முகலாயப் படை, இன்னொரு பக்கம் மராட்டியர். மறு ஆண்டே சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: உற்சவரை ஊரிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும். ஏகாம்பரநாதர், காமாட்சி கோயில்களிலும் அதே முடிவுதான்.

பெருமாளைப் பிணம்போல் மறைத்துக் கொண்டுபோனார்கள். பெருமாள் ஊரைவிட்டுப் போனது செவிவழிக் கதை மட்டுமல்ல. கோயிலில் தாயார் சந்நிதிக்கு முன்னால் நிற்கும் கல்வெட்டே சொல்லும் செய்தி. தெருவில் ஒரு சாவு விழுந்தால், சடலம் எடுக்கப்படும்வரை பூஜையை நிறுத்தி வைக்கிற மரபு நம் கோயில்களில் உண்டு. மடி ஆசாரத்தில் அவ்வளவு கறாரான பட்டர்கள், தீட்டிலெல்லாம் பெரிய தீட்டைத் தங்கள் தெய்வத்துக்கே போர்த்தி அனுப்பினார்கள். பாடையைப் பிரித்துச் சோதிக்க எந்தச் சிப்பாயும் துணிய மாட்டான் என்ற கணக்குதான். ஆகமத்தில் இதற்கு இடம் உண்டா என்று அன்று யாரும் விவாதித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்.

மலைமேல் நிற்கும் கல் மூலவரை அசைக்க முடியாது. ஆனால் ஊர் அறிந்த வரதர் உற்சவர்தான். வைகாசிக் கருட சேவையன்று கோபுர வாசலில் ஒரு கணம் குடைகளைச் சாய்த்து அவரை மறைப்பார்கள். அந்த ஒரு கணத்தில் அவர் சோளிங்கபுரத்துக்குப் போய், காஞ்சிக்கு வர முடியாமல் கண்ணீர் விட்ட தொட்டாச்சாரியாருக்குக் காட்சி தந்து திரும்புவதாக ஐதீகம். ஒரு கணம் மறைவதையே கொண்டாட்டமாக்கிய ஊரில், அவர் இருபத்திரண்டு வருஷம் இல்லை.

வைணவ உலகம் இதை முன்பே ஒருமுறை பட்டறிந்திருந்தது. 1323இல் ஸ்ரீரங்கத்தை டெல்லியின் உலுக் கானின் படை சூழ்ந்தபோது பிள்ளை லோகாசாரியர் அவ்வூர் உற்சவர் நம்பெருமாளோடு தெற்கே போனார். வழியில் ஜோதிஷ்குடியில் உயிர் துறந்தார். இதே சின்ன காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், இராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுந்த சுருதப்பிரகாசிகை உரையின் சுவடியைக் காப்பாற்றிக்கொண்டு சத்தியகாலம் சேர்ந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. நம்பெருமாள் ஊர் திரும்பியது 1371இல், செஞ்சி கோபணார்யர் துணையால்.

வரதர் போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம், இன்றைய அரியலூர் மாவட்டம். பாளையக்காரர் அடைக்கலம் கொடுத்தார். சிக்கல் அதற்குப் பிறகுதான். காஞ்சியில் நிலைமை சீரானதும் கோயிலார் போய்க் கேட்டால், தர மனமில்லை அவருக்கு. இத்தனை வருஷம் சேவித்துப் பழகிய பெருமாள்! அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீட்டுத் தந்தவர் யார் என்பதில்தான் இந்தக் கதையின் சுவை இருக்கிறது. காஞ்சியின் வைணவத் துறவி ஆத்தான் திருவேங்கட இராமானுஜ ஜீயருக்கு லாலா தோடர்மால் என்று ஒரு சீடர் இருந்தார். அக்பரின் நிதியமைச்சரான தோடர்மால் அல்ல. அவர் 1589இலேயே காலமாகிவிட்டார். இவர் வடக்கிலிருந்து வந்தவர், அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தச் சீமையில் முகலாயர் சார்பில் ஆட்சி நடத்திய சாதத்துல்லா கானின் படைத்தலைவர். குரு கேட்டுக்கொண்டார், சீடர் படையோடு உடையார்பாளையம் போய் நின்றார். பாளையக்காரர் இறங்கி வந்தார். 1710 பங்குனியில் வரதர் காஞ்சி திரும்பினார். அந்த வருகை இன்றும் உடையார்பாளைய உற்சவமாகக் கொண்டாடப்படுகிறது.

முகலாயப் படைக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போன பெருமாளை, முகலாய அதிகாரத்தின்கீழ் வேலை பார்த்த ஒருவரின் படையே திருப்பிக் கொண்டுவந்தது. தர மறுத்தவரோ ஓர் இந்து பாளையக்காரர். மதச் சண்டை என்ற ஒற்றை வரியில் இதை அடைக்கப் பார்ப்பவர்கள் பாதிக் கல்வெட்டை மட்டுமே படிக்கிறார்கள்.

வடநாட்டு அதிகாரி காஞ்சி ஜீயரின் காலில் விழுந்தது எப்படி? விடையின் வேர் இதே ஊரில் ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முந்தியது. பூவிருந்தவல்லியிலிருந்து வந்து வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்த இராமானுஜர், அவரையே குருவாகப் பற்றத் துடித்தார். பிறப்பைவிட ஆசாரிய சம்பந்தம் பெரிது என்ற அந்த எண்ணம் காலப்போக்கில் மொழி எல்லையையும் தாண்டியது. வடக்கே ராமானந்தி துறவிகள் பலர் தங்கள் பரம்பரையை இராமானுஜரிடம் கொண்டுபோய் இணைத்ததும் இந்த வழியில்தான்.

ஊர் திரும்பிய பெருமாளுக்கு முன்னால் எந்தத் தனியனை (ஆசாரியர் துதியை) முதலில் சொல்வது என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் பின்னாளில் நீதிமன்றப் படியேறினார்கள். அது தனி அத்தியாயம்.

எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு தோடர்மால் வாய்க்கவில்லை. காஞ்சியிலிருந்து போன பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை. தஞ்சை மேல ராஜ வீதியில் குடியேறிவிட்டாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில்தான் 1762இல், திருவாரூரில், இசைமேதை சியாமா சாஸ்திரி பிறந்தார். அந்தப் பயணத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)